கூழைக்கடா குந்தும் இடம்

எங்கள் தெருத் தண்ணீர் வடக்கே போகும். மகாகவி பாரதி நகரில் பெய்கிற மழையும் வீடுகளிலிருந்து வெளியேறும் கழிவும் கேப்டன் காட்டன் கால்வாயில் விழும். அது தண்டையார்பேட்டைப் பக்கம் பக்கிங்ஹாம் கால்வாயோடு சேரும். பக்கிங்ஹாம் கால்வாய் திருவொற்றியூரையும் சாத்தாங்காட்டையும் எர்ணாவூரையும் தாண்டிப் போய் எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றில் கலக்கும். சென்னையின் ஆறுகள் எவை என்று கேட்டால் கூவம், அடையாறு என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறவர்களே அதிகம். எனக்கு அதில் தீராத வருத்தம். மூன்றாவதாக ஓர் ஆறு இருக்கிறது. அது வடசென்னைக்காரர்களின் ஆறு. பறவைகளைப் பார்க்க நான் கற்றுக்கொண்டது அதன் கரையில்தான். பறவையை வைத்துத் தண்ணீரைப் படிக்கக் கற்றுக்கொண்டதும் அங்கேதான்.

அதற்கு முன்பு எனக்குத் தெரிந்த பறவைக் கூட்டம் கொடுங்கையூர்க் குப்பைமேட்டில் இறங்கும் கூட்டம் மட்டுமே. எங்கள் மொட்டை மாடியில் நின்று பார்த்தால் வானத்தில் எந்நேரமும் கரும்பருந்துகள் சுற்றிக்கொண்டிருக்கும். சுமார் 340 ஏக்கர் பரந்த குப்பைமேடு அது. லாரி வந்து கொட்டியதும் பருந்தும் காக்கையும் உண்ணிக்கொக்கும் ஒன்றாக இறங்கும். குப்பை எரிகிற நாட்களில் ஜன்னல்களைச் சாத்திவிட்டுப் படிப்போம். மேட்டை ஒட்டிய பள்ளங்களில் மழைத் தண்ணீர் தேங்கும்போது மடையான் வரும், தாழைக்கோழி வரும். அந்தப் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் ஏரியும் சதுப்புமாக இருந்தது என்று பாட்டி சொல்வாள். அவளுடைய இளவயதில் பேசின் பிரிட்ஜ் பக்கம் பக்கிங்ஹாம் கால்வாயில் சவுக்கு விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் வந்து நிற்குமாம். எண்ணூர் வரையிலான அந்தக் கால்வாய்ப் பகுதி 1806-லேயே வெட்டி முடிக்கப்பட்டது. காக்ரேன் கால்வாய் என்பது அதன் முதல் பெயர். நாங்கள் பிறந்தபோது அதில் படகு இல்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு பாலத்தைக் கடக்கத்தான் பழகியிருந்தோம்.

அப்பா எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். ஹவுசிங் போர்டு வீட்டிலிருந்து சைக்கிளில் கொருக்குப்பேட்டை ஸ்டேஷன், அங்கிருந்து கும்மிடிப்பூண்டி லோக்கல். பள்ளிக்கூட விடுமுறைகளில் என்னையும் அழைத்துப் போவார். தண்டையார்பேட்டை, வ.உ.சி. நகர், திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர். அவர் இறங்க வேண்டிய இடம் அதுதான். என்னோடு வரும் நாளில் மட்டும் இறங்கமாட்டார். ஒரு ஸ்டேஷன் தள்ளி அத்திப்பட்டு புதுநகர் வரைக்கும் போவோம். காரணம், இடையில் வருகிற பாலம்.

அதுவரை ஜன்னலுக்கு வெளியே சுவரும் கிடங்கும் கண்டெய்னர் லாரியுமாக இருக்கும். பாலத்தில் வண்டி ஏறியதும் எல்லாம் விலகி, இரண்டு பக்கமும் தண்ணீர். இடப்பக்கம் மேற்கே ஆறு பல கைகளாகப் பிரிந்து கண்டல் புதர்களுக்கும் உப்பளங்களுக்கும் நடுவே விரிந்து கிடக்கும். வலப்பக்கம் முகத்துவாரம் நோக்கிப் போகும் தண்ணீரும் அதற்கு மேலே புகைபோக்கிகளும். தண்ணீரிலும் சேற்றிலும் வலைக் கம்புகளின் உச்சியிலும் பறவைகள். ரயில் பாலத்தைக் கடக்கிற அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று கண் பரபரக்கும். இன்றைக்கும் அந்தப் பாலம் வரும்போது கைப்பேசியை உள்ளே வைத்துவிடுவேன். சென்னையில் ஐந்து ரூபாய் டிக்கெட்டில் இதைவிடப் பெரிய காட்சி வேறெங்கும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

எனக்கு வாத்தியாராக வாய்த்தவர் அப்பாவோடு அதே தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்த, காட்டுக்குப்பம் என்ற மீனவக் குப்பத்துக்காரர். பகலில் ஆலை, ஏற்றமும் வற்றமும் ஒத்துவந்த நேரத்தில் ஆற்றில் வலை. மாமா என்று கூப்பிடுவேன். தன் படகில் என்னை ஏற்றிக்கொண்டு போய், மீன்பிடித்தபடியே பேசுவார். பறவைகளின் புத்தகப் பெயர்கள் அவருக்கு அவசியப்படவில்லை. அவர் சொல்லித்தந்த முதல் பாடம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

“தோ பாரு கண்ணு, கூழக்கடா எங்க குந்திகினு கீது? அதும் பக்கத்துல நீர்க்காக்கா முங்குது பாரு. அங்க நீ எறங்கினா முங்கிடுவே. இந்தாண்ட நெட்டக்கால் உள்ளான் நடக்குது பாரு, இங்க உனக்கு முட்டிதான்.”

கூழைக்கடா நீந்தியபடி, பையைத் தண்ணீரில் முக்கி மீனை வாரும் பறவை. அதற்கு ஓரளவு ஆழம் வேண்டும். நீர்க்காகம் மூழ்கித் துரத்தும். அதற்கு இன்னும் ஆழம் வேண்டும். பாம்புத்தாராவும் அப்படியே. கரண்டிவாயனும் சங்குவளை நாரையும் நின்று துழாவுபவை. கால் தரையில் பட வேண்டும். நெடுங்கால் உள்ளானுக்கு அதைவிடக் குறைவாக இருந்தால் போதும். சின்ன உள்ளான்கள் ஈரச் சேற்றின் ஓரத்தோடு நின்றுவிடும். எந்தப் பறவை எங்கே என்று பார்த்தால் படகு எங்கே போகும், எங்கே தட்டும் என்று தெரிந்துவிடும். கூழைக்கடாக்கள் வரிசை கட்டி நீந்தி மீனைக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டு போனால் அங்கே மடவை கூட்டம் இருக்கிறது என்று அர்த்தம். மாமாவும் அந்தப் பக்கம் படகைத் திருப்புவார். பறவைக்குப் போட்டியாகப் போகிறோமே என்று நான் கேட்டபோது, அதுவும் தொழில் செய்கிறது, நாமும் தொழில் செய்கிறோம், ரெண்டு பேருக்கும் கிடைக்கிற அளவுக்கு ஆறு குடுக்கும் என்றார்.

அன்று அது உண்மையாகத்தான் இருந்தது. இறால் கடலில் முட்டையிடும். பொரிந்த குஞ்சுகள் ஏற்றத் தண்ணீரோடு முகத்துவாரம் வழியாக உள்ளே வரும். உப்பு குறைவாகவும் சேறு மெத்தென்றும் இருக்கிற கழிமுகத்தில் சில மாதங்கள் தின்று பருத்து, மறுபடி கடலுக்குத் திரும்பும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மேலிருந்து நல்ல தண்ணீர் இறங்கினால் அந்த வருடம் இறாலுக்குக் குறைவிருக்காது. வெள்ளை இறால், கருப்பு இறால், கழி நண்டு, மடவை, ஊடான், கிழங்கான், கெளுத்தி, எப்போதாவது பெரிய கொடுவா. கண்டல் வேர்களுக்கு இடையே சேற்றில் தாவும் மீன்கள் துள்ளும். ஒரு கை மட்டும் பெருத்த சின்ன நண்டுகள் அந்தக் கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிடும். நிழல் பட்டதும் மொத்தக் கூட்டமும் வளைக்குள் மறையும். சேறு முழுக்க உயிர். அதைத் தின்ன வந்ததுதான் மேலே நாம் பார்க்கிற பறவை எல்லாம்.

வலையில்லாமல் மீன்பிடிக்கும் பெண்களை நான் முதலில் பார்த்தது அங்கேதான். இருளர் குடும்பத்துப் பெண்களும் குப்பத்துப் பெண்களும் ஆற்றில் இறங்கிக் குனிந்து, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவித் தடவி இறாலைப் பிடிப்பார்கள். பனையோலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்திருப்பார்கள். கையில் அகப்பட்டது நேரே பறிக்குள் போகும். அவர்கள் கலக்கிவிட்ட தண்ணீரில் சின்ன மீன்கள் பதறி மேலே வரும் என்பது சின்னக்கொக்குக்குத் தெரியும். அவர்கள் ஓரடி நகர்ந்தால் அதுவும் ஓரடி நகரும். மணிக்கணக்கில் இப்படியே போகும். ஒருவரை ஒருவர் விரட்டி நான் பார்த்ததில்லை.

பெரிய பறவைகளுக்கு ஒரு வீடு வெளியூரில் இருக்கும். கூழைக்கடா கூடு கட்டும் இடங்களில் ஒன்று ஆந்திரத்து நேலப்பட்டு. பழவேற்காடு ஏரியைத் தாண்டினால் போதும், இறக்கை விரித்தால் எட்டிவிடும் தூரம். பூநாரை கட்ச் ரண் உப்புச் சதுப்பில் கூடு கட்டிவிட்டு, இங்கே தீனிக்காக மட்டும் வருகிறது. குளிர்காலத்து உள்ளான்களில் பல இமயத்துக்கு அப்பால், சைபீரியச் சமவெளிகளிலிருந்து வருபவை. எங்கள் தெருச் சாக்கடை போய்ச் சேருகிற இடத்துக்கு அவ்வளவு தூரத்திலிருந்து விருந்தாளிகள் வருகிறார்கள் என்று தெரிந்த நாளில் எனக்கு வந்த வெட்கத்தையும் பெருமிதத்தையும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஆற்றின் இரு கரையிலும் ஆலைகள் எழுந்த வரிசை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1970-ல் எண்ணூர் அனல்மின் நிலையம். அது 2017-ல் மூடப்பட்டது. 1990-களின் நடுவில் வடசென்னை அனல்மின் நிலையம். 2001-ல் எண்ணூர்த் துறைமுகம், இப்போது காமராஜர் துறைமுகம். 2012-லிருந்து வல்லூர் அனல்மின் நிலையம். இவை வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்று யோசித்திருக்கிறேன். எங்கள் வீட்டு விளக்கு அந்த மின்சாரத்தில்தான் எரிந்தது. அப்பாவின் சம்பளம் இந்தக் கரையிலிருந்துதான் வந்தது. என் பேச்சு சாம்பலைப் பற்றியது. நிலக்கரி எரிந்து மிஞ்சும் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் சாம்பல் குட்டைக்கு அனுப்புகிறார்கள். குழாய்கள் ஆற்றைக் கடந்து போகின்றன. அவை உடைந்தன, ஒழுகின, ஒட்டுப் போட்டார்கள், மறுபடி ஒழுகின. ஒழுகிய சாம்பல் ஆற்றின் அடியில் படிந்தது.

சாம்பல் படிந்த ஆற்றில் இறங்கிப் பார்த்தால்தான் அது என்னவென்று புரியும். பழைய சேறு காலை உள்ளே வாங்கிக்கொள்ளும். இது வாங்காது, வெளுத்துப் போய், இறுகி, பாளம் பாளமாக நிற்கும். இறால் புதைய முடியாது. நண்டு வளை தோண்ட முடியாது. தடவிப் பிடிக்கிற பெண்களின் விரல் இடுக்குகள் புண்ணாகும். ஒரு வாடைக்காலத்தில் நான் போனபோது, முன்பு கூழைக்கடாக்கள் நீந்திய ஒரு பரப்பில் நெடுங்கால் உள்ளான்கள் நூற்றுக்கணக்கில் நடந்துகொண்டிருந்தன. செம்பவளக் கால்கள் தண்ணீரில் பிரதிபலிக்க, அத்தனை பறவைகளும் ஒரே திசையில் தலை வைத்து மேய்ந்தன. கூட வந்த நண்பர்கள் மகிழ்ந்துபோய்ப் படமெடுத்தார்கள். மாமா துடுப்பை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

“இங்க கழி எட்டாது தெரியுமா? என் தோப்பனார் காலத்துல இது மடு.”

அன்றுதான் சிறுவயதுப் பாடத்தின் முழு அர்த்தமும் எனக்கு விளங்கியது. பறவைகள் நிறைய இருக்கின்றன என்பது மட்டும் ஆறு நன்றாக இருக்கிறது என்பதற்குச் சாட்சி ஆகாது. எந்தப் பறவை என்று கேட்க வேண்டும். மூழ்கும் பறவை போய் நடக்கும் பறவை வந்தால் ஆறு தூர்ந்துகொண்டிருக்கிறது. மூழ்கும் பறவையோடு படகும் போய்விடும். கால் நனையாமல் நிற்கிற பறவை மட்டும் மிஞ்சினால், அங்கே வேலி போட யாராவது வருவார்கள். கழிமுகத்தின் பல பகுதிகளில் இந்த வரிசை அப்படியே நடந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வேலி போடுவதற்கு முன் வரைபடம் மாற வேண்டும். 1996-ல் மத்திய அரசு ஒப்புக்கொண்ட கடற்கரை மண்டல வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் அலை ஏறி இறங்கும் நீர்நிலையாகக் குறிக்கப்பட்டிருந்தது. கட்டுமானம் கூடாத பகுதி. பின்னால் புழக்கத்துக்கு வந்த இன்னொரு வரைபடத்தில் அதே கழிமுகத்தைக் காணவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாக இந்த முரண்பாடு 2017-ல் வெளியே வந்தது. அந்த ஆண்டுத் தொடக்கத்தில்தான் பாடகர் டி.எம். கிருஷ்ணா எண்ணூர்ச் சாம்பல் மேட்டில் நின்று புறம்போக்கைப் பற்றிப் பாடிய பாட்டும் வெளிவந்தது. கர்நாடக சங்கீத ராகங்கள் சென்னைப் பேச்சுத் தமிழில் எனக்குக் கேட்கக் கிடைத்தது அன்றுதான். மாமாவிடம் போட்டுக் காட்டினேன். பாட்டு முடிந்ததும் பாடியவரின் கால் எங்கே நிற்கிறது என்று இன்னொரு முறை காட்டச் சொன்னார். இடத்தை அடையாளம் கண்டு சொன்னார்.

இந்த ஆறு எங்கிருந்து வருகிறது என்று பார்க்கும் ஆசையில் மேலே போயிருக்கிறேன். மொத்த நீளம் சுமார் 136 கிலோமீட்டர். பாதிக்கு மேல் வந்ததும் பூண்டியில் நிறுத்திவிடுகிறார்கள். சென்னையின் குடிநீருக்காக அந்த நீர்த்தேக்கம் வரவேண்டும் என்று பாடுபட்ட மேயர் சத்தியமூர்த்தி 1943-ல் காலமானார். நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது 1944-ல். அவர் பெயரையே வைத்தார்கள். 3,231 மில்லியன் கன அடி கொள்ளளவு. அங்கிருந்து தண்ணீர் கால்வாய் வழியாக நகரத்தின் மற்ற ஏரிகளுக்குத் திருப்பப்படுகிறது. மதகு திறக்கிற பெருமழைக் காலம் தவிர, பூண்டிக்குக் கீழே ஆறு பெரும்பாலும் மணலாகத்தான் கிடக்கும். திறந்தாலோ 2015-லும் 2021-லும் வந்ததுபோல மணலி புதுநகர் மூழ்கும். இறாலுக்கு வேண்டியது இந்த இரண்டும் இல்லை; கொஞ்சம் கொஞ்சமாக, தொடர்ச்சியாக இறங்கும் நல்ல தண்ணீர்.

பூண்டிக்குப் பக்கத்தில் அத்திரம்பாக்கம். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபுட்டும் வில்லியம் கிங்கும் கற்கருவிகளைக் கண்டெடுத்த இடம். பல ஆண்டுகள் அங்கே அகழாய்வு செய்த சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் அந்தக் கருவிகளில் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தையவை என்று 2011-ல் அறிவித்தார்கள். என்னை அதிகம் பிடித்துக்கொண்டது கருவிகளோடு கிடைத்த இன்னொன்று: குதிரை, எருமை, நீலமான் இனங்களைச் சேர்ந்த விலங்குகளின் பற்கள், ஈர மண்ணில் பதிந்து இறுகிய குளம்புத் தடங்கள். இதே ஆற்றுச் சமவெளிக்கு அவை தண்ணீர் குடிக்க வந்திருக்கின்றன. அவை வரும் இடம் தெரிந்து மனிதர்களும் கல்லோடு வந்திருக்கிறார்கள். விலங்கைப் பார்த்துத் தண்ணீரையும், தண்ணீரைப் பார்த்து விலங்கையும் அறிந்த அந்த ஆட்களுக்கும் காட்டுக்குப்பத்து மாமாவுக்கும் இடையே எத்தனை தலைமுறை இருந்தாலும், கல்வி ஒன்றுதான். பூண்டியில் இருக்கும் தொல்பழங்கால அருங்காட்சியகத்துக்கு வடசென்னைப் பள்ளிகள் பிள்ளைகளை அழைத்துப் போக வேண்டும். அவர்கள் ஆறு அது.

2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல். எங்கள் மகாகவி பாரதி நகரில் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. மின்சாரமில்லை, பால் இல்லை. மேல்மாடிக்காரர்கள் கீழ்வீட்டுக்காரர்களைத் தங்களோடு வைத்துக்கொண்டார்கள். தெருத் தண்ணீர் எப்போது வடியும் என்று எல்லோரும் காட்டன் கால்வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வடிந்தது. அந்தத் தண்ணீர் வடக்கே போகிற வழியில், மணலிப் பக்கத்துத் தொழிற்பேட்டையிலிருந்து வெள்ளத்தோடு கிளம்பிய எண்ணெய் கால்வாயில் வந்து கலந்திருக்கிறது. எங்களை விட்ட தண்ணீர் எண்ணூரைப் பிடித்தது.

போக முடிந்த முதல் நாளில் போனேன். ஸ்டேஷனில் இறங்கியதுமே வாடை நெஞ்சை அடைத்தது. எர்ணாவூர்ப் பக்கம் வீட்டுச் சுவர்களில் வெள்ளம் நின்ற உயரத்துக்குக் கறுப்புக் கோடு. ஆற்றில் கண்டல் செடிகளின் தண்டு, வேர், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சுவேர் எல்லாம் தார் பூசியதுபோல. படகுகள் கறுப்பு. வலைகள் கறுப்பு. மீனவர்களே கூலிக்கு அமர்த்தப்பட்டு, கையுறை இருந்தவர் கையுறையோடும் இல்லாதவர் வெறுங்கையோடும் குவளையாலும் வாளியாலும் எண்ணெயை மொண்டு பேரலில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

கூழைக்கடாக்களைப் பார்த்தேன். சாம்பல் கலந்த வெண்மை போய்ப் பழுப்பேறியிருந்தன. இறகின் பின்னல்தான் பறவையைத் தண்ணீர் நனைக்காமல் காப்பது. எண்ணெய் பட்டால் பின்னல் ஒட்டிக்கொள்ளும்; உடம்பு நனையும், சூடு போகும், மிதக்கவும் சிரமப்படும். சுத்தம் செய்ய அலகால் கோதக் கோத எண்ணெய் வயிற்றுக்குள் போகும். வனத்துறையினர் பிடித்துக் கழுவிவிட முயன்றார்கள்; பறக்கத் தெம்புள்ள பெரிய பறவையைப் பிடிப்பது லேசில்லை, கிட்டே போனால் எழுந்து அடுத்த திட்டுக்குப் போய்விடும். அவை தண்ணீரை விட்டு விலகி, கரைமேட்டிலும் கற்களிலும் குந்தியிருந்தன. கூழைக்கடா குந்தும் இடத்தைச் சொல்லித்தந்த மாமா என் பக்கத்தில்தான் நின்றார். எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. 2017 ஜனவரியில் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோதும் வாளிதான் எங்களுடைய ஆயுதம் என்பதை மட்டும் இங்கே எழுதிவைக்கிறேன். ஏறக்குறைய ஏழு வருட இடைவெளியில் வாளி மாறவில்லை. இவ்வளவு எண்ணெயைக் கையாளும் கரையில் அதை அள்ளுவதற்கான கருவிகள் ஆயத்தமாக இருந்திருக்க வேண்டும்.

எண்ணெய் கண்ணுக்குத் தெரிந்த கேடு. தெரியாதது ஒன்று அடியில் பரவியிருக்கிறது. மீனவர்கள் காக்கா ஆழி என்கிறார்கள். காக்கை நிறத்தில், விரல் நீளத்தில் ஒரு மட்டி. தென் அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்தது. கப்பல்களின் வழியாக வந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கொத்துக் கொத்தாக ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு ஆற்றின் தரையைப் பாய் விரித்தாற்போல மூடுகிறது. அதற்குக் கீழே நம் ஊர் மஞ்சள் மட்டிக்கு மூச்சில்லை, இறாலுக்கு இடமில்லை. தடவிப் பிடிக்கும் பெண்களின் கையைக் கிழிக்கிறது. சாம்பலால் பாதி, இதனால் மீதி என்று அந்தத் தொழிலே அருகிவிட்டது. பறியைக் கடித்தபடி ஆற்றில் இறங்கும் பெண்களைக் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அவர்களுக்குப் பின்னாலேயே போன சின்னக்கொக்கு இப்போது தனியாகத்தான் மேய்கிறது.

ஜனவரி மாதங்களில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். 1987-லிருந்து பல நாடுகளில் ஒரே சமயத்தில் நடப்பது. எண்ணூர்ப் பகுதிக்கு நாங்கள் சிலர் போவோம். எண்ணி முடித்ததும் அட்டவணையை எடுத்துக்கொண்டு காட்டுக்குப்பம் போய் மாமாவிடம் படித்துக் காட்டுவது என் வழக்கம். இப்போது அவர் படகு ஓட்டுவதில்லை, மகன் ஓட்டுகிறான். கட்டிலில் சாய்ந்தபடி ஒவ்வொரு பெயராகக் கேட்பார். வால் நீண்ட வாத்து, மூக்கு வளைந்த கோட்டான், ஆலா என்று நான் சொல்லும் பெயர்களுக்கு அவர் பக்கத்துப் பெயர்களைச் சொல்லிச் சரிபார்த்துக்கொள்வார். ஒரு வருடம் முழுதும் கேட்டுவிட்டு,

“எல்லாம் கரீட்டா எண்ணிக்கிற கண்ணு. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஆழம் எவ்ளோன்னு எழுதினியா?” என்றார்.

அதற்கப்புறம் எங்கள் நோட்டில் இன்னொரு கட்டம் சேர்ந்தது. இடம், பறவை, எண்ணிக்கை, ஆழம். மகன் படகை நிறுத்தி மூங்கில் கழியை இறக்குவான், நான் எழுதுவேன். கழியின் நுனியில் ஒட்டி வருவது சேறா, சாம்பலா, காக்கா ஆழியா என்பதையும் குறித்துக்கொள்வோம். பாலத்துக்கு மேற்கே உள்ள பரப்பில் பல இடங்களில் முழங்கால். முன்பு மடுவாக இருந்த அந்த இடத்தில் தொடைகூட நனையவில்லை. முகத்துவாரத்தை நெருங்கும் ஓடையில் மட்டும் கழி இன்னும் எட்டாமல் இருக்கிறது. கூழைக்கடாக்கள் திரும்பி வந்து நீந்துவதும் அங்கேதான்.

ஆற்றில் படிந்த சாம்பலை அகற்றிச் சீர்செய்ய வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2022-ல் உத்தரவிட்டிருக்கிறது. அள்ளுகிற இயந்திரங்கள் வரும்போது எங்கிருந்து தொடங்குவது, எவ்வளவு தோண்டுவது என்ற கேள்வி எழும். ஆழமான ஓடைகளைத் தோண்டிக் கணக்குக் காட்டிவிட்டுப் போய்விடக் கூடாது. எங்கள் நோட்டைத் தயாராக வைத்திருக்கிறோம். நெடுங்கால் உள்ளான் நூற்றுக்கணக்கில் எழுதப்பட்டிருக்கிற பக்கங்களைத் திறந்தால் போதும், அந்த இடங்களிலிருந்து தொடங்கலாம்.